சத்தத்தின் மேல் பழி

எங்கள் ஊரில் எது கெட்டுப்போனாலும் பழி சத்தத்தின் மேல்தான் விழும். சுவரில் விரிசல் விட்டால் சத்தம். அடைவைத்த முட்டை கூமுட்டை ஆனால் சத்தம். போர் தண்ணீர் இறங்கினாலும், பையன் பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டாலும் யாராவது ஒருவர் கிழக்கே கையைக் காட்டிவிடுவார். கிழக்கே கரிசல் காட்டுக்குள், வேலிக்கருவைக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே, சின்னச் சின்ன ஷெட்டுகளாகப் பட்டாசு யூனிட்டுகள் இருக்கின்றன. தினமும் சாயங்காலம் நான்கு மணி வாக்கில் புதுச் சரக்கில் நாலைந்தை எடுத்து டெஸ்ட் வெடி போட்டுப் பார்ப்பார்கள். அது பழகிய சத்தம். வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ பழகாத சத்தம் ஒன்று வரும். அன்றைக்குத் தெருவில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எத்தனை ஆம்புலன்ஸ் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சத்தத்தின் மேல் பழி போடுவது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அது செய்த பாவம் ஊருக்கே தெரியும். செய்யாத ஒன்றையும் அதன் தலையில் கட்டினோம், அதில் எனக்கும் பங்கு உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் லட்சுமிகாந்தம். சாத்தூர் ரோட்டில் லேப் வைத்திருக்கிறேன். ரத்தம், சிறுநீர், சளி என்று மனிதனிடமிருந்து வெளியே வருகிற எல்லாவற்றையும் பார்த்து எழுதிக் கொடுப்பது என் தொழில். இருபத்தாறு வருஷமாகிறது. மாடியில் டாக்டர் பிரபாகரன் கிளினிக். அவர் சீட்டில் எழுதுவார், நான் கீழே செய்வேன். அவர் எழுதாததை நான் செய்ததே இல்லை. இதை ஒரு பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நான்.

லேப்பிலிருந்து மூன்றாவது வீடு சம்சுவுடையது. எனக்கு மச்சான் முறை, அப்படித்தான் பழகிவிட்டோம். பழைய பேப்பர் வியாபாரம். சிவகாசி அச்சாபீஸ்களில் விழுகிற கழிவுத் தாளையும், பள்ளிக்கூடங்களில் எடைக்குப் போடுகிற பரீட்சைப் பேப்பரையும் லோடு லோடாக வாங்கி, வெடிக்குக் குழாய் சுருட்டுகிற யூனிட்டுகளுக்குக் கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பேப்பர் மலைபோலக் கிடக்கும். அந்தக் கொட்டகையின் ஓரத்தில் அவர் சம்சாரம் பைரோஜா அக்கா மூன்று ஆடு கட்டியிருந்தது. மூன்றும் கன்னி இனத்து ஆடு. கறுத்த உடம்பு, முகத்தில் நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் இரண்டு வெள்ளைக் கோடு. அவற்றில் இரண்டு, வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவை. மூன்றாவதை முந்தின தீபாவளிக்குப் பிறகு சந்தையில் வாங்கினார்கள். பல் போடாத இளம் ஆட்டை இவ்வளவு சல்லிசாக ஒருத்தன் ஏன் தள்ளிவிட்டான் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அக்காவுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் பேசிக்கொண்டோம்.

அவர்களுக்கு ஒரே மகள், ஹஸ்னா. காரியாபட்டியில் கொடுத்திருந்தார்கள். மருமகன் ஆசிக் அங்கே பஜாரில் பேன்சி ஸ்டோர் வைத்திருந்தான். அதிர்ந்து பேசாத பையன். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் அவள் வயிற்றில் தங்கியது. நாலு மாசமாகியும் மசக்கை நிற்காமல் தண்ணீர்கூட வாந்தியாகப் போனதால், மாசி மாசம் தாய் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். வந்த பத்தாம் நாள் பழகாத சத்தம் வந்தது.

வியாழக்கிழமை, பதினோரு மணி இருக்கும். என் லேப்பில் கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று உரசி ஓசை கொடுத்தன. ஆறு ஆம்புலன்ஸ் போயின. செத்தவர்களில் ஒரு பெண் சம்சுவிடம் பேப்பர் வெட்டுகிற வேலையில் இருந்தவள். மூன்றாம் நாள் சனிக்கிழமை அக்காவும் மச்சானும் அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தார்கள். வீட்டில் ஹஸ்னா தனியாக இருந்தாள். அன்றைக்குத்தான் வீட்டில் பிறந்த இரண்டு ஆடுகளில் ஒன்று குறைமாசத்தில் குட்டி வீசியது. முடி முளைக்காத இரண்டு குட்டிகள் செத்து விழுந்தன. நஞ்சுக்கொடி பாதி வெளியே தொங்கிக்கொண்டிருக்க, ஆடு கத்தியது. ஹஸ்னா அந்த வீட்டில் வளர்ந்தவள், பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். வெறுங்கையை விட்டுப் பதமாக இழுத்து எடுத்தாள். குட்டிகளையும் நஞ்சையும் அத்தா சம்சுவின் பரீட்சைப் பேப்பரில் சுற்றி வேலிக்கு அப்பால் கொண்டுபோய்ப் போட்டாள். செவ்வாய்க்கிழமை இன்னொரு ஆடும் வீசியது.

தெருவே வந்து பார்த்தது. சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆறு ஆம்புலன்ஸ் போன வாரம் அது. சத்தத்தில் செனை கலைந்துவிட்டது என்றார்கள். நானும் சொன்னேன். படித்தவன் சொன்னதால் அதற்குக் கொஞ்சம் கனம் கூடியது.

குட்டி வீசினாலும் மடியில் பால் கொஞ்சம் இறங்கியது. பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் இருக்கும்போது அதை வீணாக்குவார்களா? அக்கா காலையில் ஒரு டம்ளர் கறந்து, நுரையோடு மகள் கையில் கொடுக்கும். அடுப்பில் வைக்காது. கறந்த சூட்டோடு குடித்தால்தான் உடம்பில் ஒட்டும், காய்ச்சினால் வெறும் வெள்ளைத் தண்ணீர்தான் என்பது அதன் கட்சி. வாந்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு வயிற்றில் நின்றது அந்தப் பால் ஒன்றுதான். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டது.

பங்குனி நடுவில் ஹஸ்னாவுக்குக் காய்ச்சல் வந்தது. பகலெல்லாம் சும்மா இருப்பாள். பொழுது சாய்ந்தால் உடம்பு கொதிக்கும். விடிகிற நேரம் வியர்த்துக் கொட்டி, போட்டிருந்த துணியைப் பிழியலாம் போல இருக்கும். மூட்டுக்கு மூட்டு வலி. பிரபாகரன் டைபாய்டுக்குப் பார்க்கச் சொல்லிச் சீட்டில் எழுதினார். நான்தான் ரத்தம் எடுத்தேன். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள், சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான்.

அந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கான மருந்து பெட்டியாக வரும், ஒரு பெட்டியில் ஆறு குப்பி. நாலு குப்பி டைபாய்டு வகையறாவுக்கு. ஓரத்தில் இருக்கிற இரண்டும் புரூசெல்லா என்ற கிருமிக்கு. ஆடு மாட்டிலிருந்து மனுஷனுக்கு வருகிற காய்ச்சல் என்று படிக்கிற காலத்தில் அரைப் பக்கம் படித்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டில் ஆறு வட்டம் இருக்கும். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரில் வட்டத்துக்கு ஒரு சொட்டு, அதன் மேல் குப்பிக்கு ஒரு சொட்டு, குச்சியால் கலக்கி ஒரு நிமிஷம் ஆட்டினால் போதும். கிருமி வந்துபோன உடம்பாக இருந்தால் பால் திரிந்ததுபோல் கட்டி கட்டும். நான் நாலு வட்டத்தைத்தான் நிரப்புவேன். இருபத்தாறு வருஷத்தில் எந்த டாக்டரும் மற்ற இரண்டையும் கேட்டதில்லை. நாலு குப்பி தீரும்; இரண்டு குப்பி மூடி திறக்காமலே கெடு முடிந்து குப்பைக்குப் போகும். அன்றைக்கும் ஹஸ்னாவின் சொட்டை நாலு வட்டத்தில்தான் விட்டேன். டைபாய்டுக்கு லேசாகக் கட்டி கட்டியது. எங்கள் தண்ணீரைக் குடிக்கிற யாருக்குப் பார்த்தாலும் அப்படித்தான் வரும். எழுதிக் கொடுத்தேன். பிரபாகரன் டைபாய்டு மருந்து கொடுத்தார். ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. ஆசிக் வந்து கூட்டிக்கொண்டு போனான்.

சித்திரை கடைசியில், ஆறாம் மாசம், காரியாபட்டியில் பிள்ளை கலைந்தது. ஆண் குழந்தை. பெயர் வைத்து, ஒரு கை அகலத் துணியில் சுற்றி, அங்கே கபரஸ்தானில் அடக்கம் செய்தார்கள். சம்சு மச்சான் போய்விட்டு வந்து என் லேப்பில் உட்கார்ந்தார். பிறகு, சம்பந்தியம்மாள் சொல்லுகிற காரணம் சரியாகத்தான் படுகிறது என்றார். அன்றைக்கு வந்த சத்தத்தில் இவள் உள்ளுக்குள் அரண்டிருக்கிறாள், வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அந்தப் பயம் காய்ச்சலாகி, காய்ச்சல் பிள்ளையைத் தள்ளிவிட்டது என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். ஆடே தாங்காதபோது பொம்பளை எப்படித் தாங்குவாள் என்று கேட்டாராம்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் கொடுமை. எல்லாரும் அவள் பயந்ததை மன்னித்தார்கள். பள்ளிவாசலில் தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். பயம் தெளியக் கறுப்புக் கயிற்றில் தாயத்து கட்டினார்கள். வீட்டில் பாத்திரம் கீழே விழுந்தால்கூட அவள் முகத்தைப் பார்த்தார்கள். மாமியார் கதவைச் சாத்தும்போது மெல்லச் சாத்துவார், சாத்திவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்.

காய்ச்சல் மறுபடி வந்தது, போனது, வந்தது. முதுகுத்தண்டில் வலி தொடங்கி, குனிந்து ஒரு குடம் எடுக்க முடியாமல் போயிற்று. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான்: எந்த ஊர்? ஊரைச் சொன்னதும், பட்டாசு வேலையா? பேப்பர் கொடுக்கிறோம் என்பார் மச்சான். அது போதும். மருந்துத் தூசி, நெஞ்சு, சளி என்று அந்த வழியிலேயே போய், ஸ்கேனில் தண்டெலும்பு அரித்திருப்பதைப் பார்த்து, முதுகில் காசம் என்று முடித்தார்கள். தப்பு சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். நான் எழுதாதது வேறொன்று.

காசம் என்ற வார்த்தை காரியாபட்டிக்குப் போனதும் ஹஸ்னாவின் தட்டும் டம்ளரும் தனியாகப் போயின. ஆனி மாசம் ஒரு காரில் அவளை ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். முழுப் பெட்டியும் வந்தது. கல்யாணத்துக்குக் கொடுத்த பட்டுச் சேலைகூட அதற்குள் இருந்ததை அக்கா திறந்து பார்த்துவிட்டு மூடியது. ஆசிக் ஞாயிற்றுக்கிழமை தோறும் பைக்கில் வருவான். வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடையில் இன்ன சரக்கு போகிறது, இன்ன சரக்கு போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பான். கையில் கொடுத்த டீ ஆறிப்போகும். ஆடி பிறந்ததும் வருவது நின்றது. சீசன், கடையை விட்டு வர முடியவில்லை என்று போனில் சொன்னான். அவன் அம்மா வேறு இடம் பார்க்கிறார் என்று யாரோ வந்து ஓதிவிட்டுப் போனார்கள்.

காச மாத்திரையில் ஹஸ்னா முதல் மாசம் தேறினாள். மாத்திரைகளில் ஒன்று, உள்ளே இருந்த வேறு கிருமியையும் கொஞ்சம் அடக்குமாம்; பிறகு தெரிந்தது. ஆவணி பிறந்ததும் பழையபடி சாயங்காலக் காய்ச்சல் தொடங்கியது. அக்கா விடாமல் ஆட்டுப்பால் கொடுத்துக்கொண்டிருந்தது. காசத்துக்கு ஆட்டுப்பாலை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

காச மாத்திரை வாங்க மாசம் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே அந்த மாசம் புதிதாக வந்திருந்தது பிரீத்தி என்ற டாக்டர். நாமக்கல் பக்கத்துப் பெண். அப்பா கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். வரிசையில் நின்று மாத்திரை வாங்க வந்தவளை உட்காரவைத்துக் காய்ச்சல் பார்த்திருக்கிறாள். நானும் அன்றைக்கு ஸ்டோரில் ஒரு வேலையாகப் போனவன் மச்சானையும் அக்காவையும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். எந்த ஊர் என்று அந்தப் பெண்ணும் கேட்டாள். மச்சான் வழக்கம்போலப் பட்டாசு, பேப்பர் என்று தொடங்கினார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது இருக்கட்டும்ப்பா. வீட்ல ஆடு மாடு இருக்கா?"

மூன்று ஆடு இருக்கிறது என்றது அக்கா.

"எதாவது குட்டி வீசுச்சா?"

"மாசியில ரெண்டு வீசுச்சும்மா. அது சத்தத்துல. அந்த வாரந்தான் பெரிய வெடி வெடிச்சது."

"எந்த ஆடு மொதல்ல வீசுச்சு? கையால யாராவது எடுத்தீங்களா?"

ஹஸ்னா தன் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்தாள். டாக்டர் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாலைப் பற்றிக் கேட்டாள். காய்ச்சிக் குடித்தீர்களா என்று கேட்டபோது அக்கா கொஞ்சம் மிடுக்காகவே, பச்சையாகத்தான் கொடுக்கிறேன் என்றது.

டாக்டர் என் பக்கம் திரும்பினாள். லேப் வைத்திருக்கிறவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். புரூசெல்லா பார்க்க உங்களிடம் மருந்து இருக்குமா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் வாய் சொன்னது. பஸ் ஸ்டாண்டு தாண்டி வந்தபிறகுதான் என் பிரிட்ஜின் கீழ்த் தட்டு ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலமே ஹஸ்னாவிடம் ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு குப்பியைத் தேடினேன். இருந்தது. மூடியின் மேல் போட்ட பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. கெடு முடிந்து இரண்டு மாசம். அதனால் என்ன, பார்ப்போம் என்று ஐந்தாவது வட்டத்தில் சொட்டு விட்டேன். ஒரு நிமிஷம் ஆட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. குச்சியை எடுப்பதற்குள் திரிந்துவிட்டது. நான் தகட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான். கை கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நின்றேன். பங்குனியில் அவள் ரத்தம் இதே மேசையில் இருந்தது. வயிற்றில் பிள்ளையும் இருந்தது. குப்பியும் அப்போது கெடு முடியாமல் புத்தம் புதிதாக இருந்தது.

டாக்டர் மதுரைக்கு அனுப்பிய ரத்தத்தில் கிருமியே வளர்ந்தது என்று பத்து நாளில் செய்தி வந்தது. வீட்டில் எல்லாருக்கும் பார்க்கச் சொன்னாள் டாக்டர். அக்காவுக்கும் லேசாக இருந்தது. சில மாசமாக மூட்டு வலி, வயசாகிறது என்று தைலம் போட்டுக்கொண்டிருந்தது அதுதானா என்று யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஹஸ்னாவுக்குக் காச மருந்தை மாற்றி, ஆறு வாரம் வேறு மாத்திரையும் ஊசியும் கொடுத்தார்கள். சந்தையில் வாங்கிய ஆடுதான் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். வீசின நஞ்சு வழியாகவும் பால் வழியாகவும் இவளுக்கு வந்திருக்கிறது. முன்னாலேயே தெரிந்திருந்தால் பிள்ளையையும் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் நிதானமாக, ஒளிக்காமல் சொன்னாள். ஒரு வெடிக்கு ஓர் ஆடு வீசலாம், ஆறு மாசமாக ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் அடிக்காது என்றாள்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் பால் கறக்கிற செம்பை எடுத்து முற்றத்தில் வைத்துத் தேய்த்தது. புளி போட்டுத் தேய்த்தது, சாம்பல் போட்டுத் தேய்த்தது. அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. நான் இடியாப்பம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் இடியாப்பமும் கறி ஆணமும் என் வீட்டுக்கு அனுப்பிய வீடு அது.

ஆடுகளை விற்கக் கூடாது, யாருக்கும் பால் கொடுக்கக் கூடாது, கால்நடை ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மச்சான் போய்ச் சொல்லியும் இருக்கிறார். ரத்தம் எடுக்க வருகிறோம் என்றவர்கள் வரவில்லை. ஒரு சனிக்கிழமை கொட்டகை காலியாகக் கிடந்தது. மூன்றையும் சந்தைக்கு ஏற்றிவிட்டதாகச் சொன்னார். வாங்கியவன் எந்த ஊர் என்று கேட்டேன். அச்சங்குளம் பக்கம் என்று ஞாபகம், வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், பாலுக்கு வேண்டும் என்றான் என்று சொல்லி, என் முகத்தைப் பார்க்காமல் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அதைக் காட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்ததால் திரும்பி வந்துவிட்டேன். பிரீத்தி டாக்டரிடம் சொல்லலாம் என்று போனால், அவளை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள்.

ஆறு வாரம் முடிந்து ஹஸ்னா ரத்தம் கொடுக்க வந்தாள். ஐப்பசி முதல் வாரம். உடம்பில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. கையில் தாயத்துக் கயிறு இல்லை. வழக்கம்போல ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"மாமா, பங்குனியில எடுத்தீகளே, அந்த ரத்தத்துலயும் இது இருந்திருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன்.

"இருந்திருக்கும்மா."

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும். மருந்தும் எங்கிட்ட இருந்துச்சு. யாரும் எழுதித் தரல. நானும் பாக்கல."

அவள் பஞ்சை முழங்கை மடிப்பில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அன்னைக்கு நான் பயப்படவே இல்ல மாமா. அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்தேன். சத்தம் வந்துச்சு, அலமாரியில இருந்து ஒரு மூடி விழுந்துச்சு, எடுத்து வச்சேன். ஆடுக மெரண்டு கத்துச்சுக. போயித் தடவிக் குடுத்தேன். அம்புட்டுத்தான். எல்லாரும் நீ பயந்த, நீ பயந்தன்னு சொன்னாக. எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பயந்து எம் பிள்ளையக் கொன்னுட்டோமேன்னு தெனமும் நெனச்சேன் மாமா. நாலு மாசம்."

மன்னித்துக்கொள் என்று சொன்னேனா, அல்லது சொல்ல நினைத்தேனா என்றுகூட எனக்கு இப்போது உறுதியில்லை. அவள் எழுந்து போகும்போது கதவைப் பட்டென்று சாத்தினாள். வேண்டுமென்றேதான் சாத்தினாள் என்று பட்டது.

ரத்தம் தேறிவந்திருந்தது. காசம் இல்லவே இல்லை, வேறு காய்ச்சல், இப்போது சுகம் என்று மச்சான் காரியாபட்டிக்குப் போன் போட்டார். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆசிக்கும் அவன் அம்மாவும் வருவதாகச் சேதி வந்தது. முந்தின நாள் பைரோஜா அக்கா லேப்புக்கு வந்தது. நோயாளிகள் போகிற வரைக்கும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தது. சேலை முந்தானையை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தது.

"தம்பி, சம்பந்தியம்மா ஒங்ககிட்டத்தான் கேக்கும். நீங்கதான் பரிசோதனை பண்ணுனீகன்னு அதுக்குத் தெரியும். காச்சல் என்னன்னு சொல்லுங்க, சுகமாயிருச்சுன்னும் சொல்லுங்க. பிள்ளை போனது மட்டும்…"

நான் மேசையிலிருந்த தகட்டை எடுத்துத் துடைத்தேன்.

"அது சத்தத்துல போனதாவே இருக்கட்டும் தம்பி. எம் பால்ல போச்சுன்னு தெரிஞ்சா அந்தம்மா எம் மகளக் கூட்டிட்டுப் போகுமா? கூட்டிட்டுப் போனாலும் இந்த வீட்டு வாசல மிதிக்க விடுமா? கொன்னவ வீடுன்னு சொல்லிராதா? சத்தத்துக்கு என்ன, வாயா இருக்கு எதுத்துப் பேச?"

ஹஸ்னாவிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டாயிற்று என்றது அக்கா. என்ன சொன்னாள்? சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, கழற்றிப் போட்ட தாயத்தைத் தேடி எடுத்துக் கையில் கட்டிக்கொண்டாளாம். நான் சரி என்று தலையாட்டினேன். அக்காவுக்காகத் தலையாட்டியதாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். சத்தம் என் பழியையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

மறுநாள் வெம்பக்கோட்டைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நின்றது. ஆர்டர் சரக்கு ஏற்றிய லாரிகள் தார்ப்பாய் போர்த்தி ரோட்டில் வரிசையாகப் போயின. மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று யூனிட்டுகள் எல்லாம் பறந்துகொண்டிருந்தன. மூன்று மணிக்குக் கார் வந்தது. ஆசிக் இறங்கியவுடன் ஹஸ்னாவைப் பார்த்தான், பிறகு கீழே பார்த்தான். மூன்று மாசத்தில் அவனுக்குத்தான் காய்ச்சல் வந்ததுபோல் இளைத்திருந்தான். அக்கா பிரியாணி ஆக்கியிருந்தது. எல்லாரும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆசிக்கின் அம்மா தன் தட்டிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து ஹஸ்னாவின் தட்டில் வைத்தார். அதைப் பார்த்து பைரோஜா அக்கா எழுந்து உள்ளே போய்விட்டது.

சாப்பிட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் ரிப்போர்ட்டைக் காட்டிச் சொன்னேன். காசம் இல்லை. இது ஒரு கிருமிக் காய்ச்சல். ஒட்டாது. மருந்து முடிந்தது, இப்போது சுத்தம், இனிப் பிள்ளை பெறத் தடை இல்லை. ஆசிக்கின் அம்மா கவனமாகக் கேட்டார். கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாத முகம். ஒரு பேரனைக் கையில் வாங்கிப் புதைத்தவர்.

"அப்ப அந்தப் பிள்ளை எதுல போச்சு தம்பி? இதே காச்சல்லயா?"

அக்கா அடுப்படி நிலையில் நின்றது. மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹஸ்னா பெட்டியோடு வெளியே வந்து ஆசிக் பக்கத்தில் நின்றாள்.

"அது அந்த அதிர்ச்சிதாம்மா," என்றேன்.

"அதான நான் சொன்னேன்," என்றார் அந்த அம்மாள். ஆண்டவன் தந்த பயந்த சுபாவத்துக்கு அவள் என்ன செய்வாள், அடுத்த தடவை மாசமானால் இந்தப் பக்கமே அனுப்பப்போவதில்லை, காரியாபட்டியில் சத்தம் கித்தம் கிடையாது என்று ஆறுதலாகப் பேசிக்கொண்டே போனார். அக்கா அதற்கும் தலையாட்டியது.

பெட்டியைக் காரில் ஏற்றினார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆசிக் நின்றான். மணி நான்கு. கிழக்கே டெஸ்ட் வெடி போட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பழகிய சத்தம்தான். தெருவில் படுத்திருந்த நாய்கூட எழுந்திருக்கவில்லை. ஆனால் ஆசிக்கும், அவன் அம்மாவும், மச்சானும், அக்காவும் ஒரே நேரத்தில் ஹஸ்னாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அம்மாவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். பிறகு, ஆட்டின் நஞ்சை இழுத்து எடுத்த அந்த இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கிக் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தீகளா, இன்னும் அரளுறா," என்று மாமியார் ஓடிவந்து அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

அந்தத் தோளுக்கு மேலாக ஹஸ்னாவின் கண்கள் எனக்குத் தெரிந்தன. அதில் பயம் கொஞ்சமும் இல்லை. ஊசி குத்தும்போது பார்ப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.